பந்தய எஞ்சினும் அதன் சுருள்வில்லும்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் நம் நினைவிற்கு வருவன வேகமும் இரைச்சலும் சாரதியின் துணிவுமே. எஞ்சினைப் பற்றிப் பேசுவோரும் பெரும்பாலும் சிலிண்டரின் கொள்ளளவு, காபுரேற்றரின் தொகை, எரிபொருளின் தன்மை என்பவற்றோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் ஓர் எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை முறை சுழலலாம் என்பதைப் பல வேளைகளில் நிருணயிப்பது, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சிறு பொருளாகும். வால்வின் மேல் அமர்ந்திருக்கும் சுருள்வில், அதாவது நாம் வழக்கத்தில் ஸ்பிரிங் என்று சொல்லும் பொருள், அதுவேயாம். சொற்ப பெறுமதியுள்ள அந்தக் கம்பிச் சுருள் தன் கடமையில் ஒரு கணம் தவறினால், பல இலட்சம் பெறுமதியுள்ள எஞ்சின் அரைச் செக்கனில் பழைய இரும்பாகிவிடும். சாரதியின் உயிருக்கும் ஆபத்து நேரலாம். ஆகவே அந்தச் சுருள்வில் செய்யும் வேலை யாது, அதனைப் பந்தய எஞ்சினில் எவ்வாறு பொருத்த வேண்டும், வலிமை மிக்க சுருள்வில் ஒன்றை மாட்டிவிட்டால் மட்டும் ஏன் போதாது என்பவற்றை இன்று சற்று விளக்கமாக ஆராய்வோம்.

முதலில் வால்வின் தொழிலை நினைவுகொள்வோம். பெற்றோல் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் குறைந்தது இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்றின் வழியாகக் காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்த கலவை உட்புகும். மற்றதன் வழியாக எரிந்த புகை வெளியேறும். இவ்வாயில்களை மூடித் திறக்கும் கதவுகளே வால்வுகள். காளானைத் தலைகீழாகப் பிடித்தாற்போன்ற வடிவம் அவற்றுக்கு உண்டு. வால்வைத் திறப்பது கேம் எனப்படும் முட்டை வடிவான உருளை. கேம் சுழலுகையில் அதன் மூக்கு வால்வின் தண்டை நேராகவோ, கிணற்றுத் துலாவைப் போல நடுவில் அச்சுக்கொண்டு இருபுறமும் ஆடும் ரொக்கர் என்னும் நெம்பின் வழியாகவோ அழுத்தி, வால்வைத் திறக்கச் செய்கிறது.

கேம் தள்ள மட்டுமே அறியும், இழுக்க அறியாது. அது தள்ளிவிட்ட வால்வைத் திரும்பக் கொண்டுவந்து மூடுவதற்கு வேறொரு பொருள் வேண்டும். அதுவே சுருள்வில். கதவைத் தள்ளித் திறந்துவிட்டு நாம் போய்விட்டால், அது தானே மூடிக்கொள்வதற்கு ஒரு வில்லைப் பொருத்திவைப்பதில்லையா? அது போன்றதே இதுவும். ஆனால் கதவு ஒரு நாளில் நூறு முறை திறக்கலாம். வால்வின் கதையோ வேறு. நாலடி எஞ்சினில் கேம் தண்டு கிராங்குத் தண்டின் பாதி வேகத்தில் சுழலும். எஞ்சின் நிமிஷத்துக்கு 8000 முறை சுழன்றால், ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 4000 முறை திறந்து மூட வேண்டும். அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 67 முறை. ஒவ்வொரு முறையும் அது திறந்திருக்கும் நேரம் செக்கனின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குச் சற்று மேல், அவ்வளவே.

இங்கே பலரிடம் காணப்படும் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். சுருள்வில்லின் கடினமான வேலை வால்வை அதன் இருக்கையில் இறுக்கி வைத்திருப்பது என்றே பலரும் கருதுகின்றனர். உண்மை அஃதன்று. வால்வின் பயணத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பாருங்கள். முதற் கட்டத்தில் கேம் வால்வை உதைத்து வேகமூட்டுகிறது. அங்கே சுருள்வில்லுக்கு வேலையில்லை. இரண்டாவது கட்டத்தில், கேமின் மூக்கை அணுகும்போது, வால்வு வேகங்குறைந்து நின்று, திசை மாறித் திரும்ப வேண்டும். ஆனால் ஓடும் பொருள் எதுவும் தன் ஓட்டத்தைத் தானே விடாது. சடத்துவம் அதனை முன்னோக்கியே இழுக்கும். வேகமாக ஓடும் பஸ் திடீரென நின்றால் பிரயாணிகள் முன்னே சாய்வது போல, வால்வும் கேமை விட்டுத் தாவிச் செல்ல முனையும். அதனைத் தடுத்து நிறுத்தித் திருப்பியனுப்புவது சுருள்வில்லே. மூன்றாவது கட்டத்தில் வால்வு இருக்கையை நெருங்குகையில், கேமின் சரிவே அதனை மெல்லத் தாங்கி இறக்கிவைக்கிறது. ஆகவே சுருள்வில்லுக்குச் சோதனை நேரும் இடம் வால்வு மூடியிருக்கும்போதன்று. அது முழுமையாகத் திறந்திருக்கும் உச்சியிலேயாம்.

இதனை ஒரு கணக்கால் காட்டலாம். பந்தயத்துக்கென்று திருத்தப்பட்ட ஓர் எஞ்சினை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பிரித்தானிய, அமெரிக்க எஞ்சின் வினைஞர் இன்றும் பெரிதும் கையாளும் அங்குலத்தையும் இறாத்தலையுமே நாமும் கையாளுவோம். வால்வு திறக்கும் தூரம் 0.4 அங்குலம், அதாவது ஏறத்தாழ 10 மில்லிமீற்றர். வால்வும் அதனோடு சேர்ந்து அசையும் சிறு பொருள்களும் சுருள்வில்லின் ஒரு பகுதியும் சேர்ந்து 150 கிராம். கேம் தண்டின் ஒரு சுற்றான 360 பாகையில் 130 பாகைக்கு வால்வு திறந்திருக்கிறது. வால்வின் அசைவு சீரான அலை வடிவானது என்று கொண்டால், எஞ்சின் 8000 சுழற்சியில் ஓடும்போது உச்சியில் வால்வைத் திருப்புவதற்கு வேண்டிய விசை ஏறத்தாழ 227 இறாத்தல். 150 கிராம் கொண்ட பொருளைத் திருப்புவதற்கு 100 கிலோகிராமுக்கும் மேற்பட்ட விசை! அந்த இடத்தில் வால்வின் அமர்முடுகல், கீழே விழும் பொருளின் ஆர்முடுகலைப் போல ஏறத்தாழ 680 மடங்காகும். உண்மையான கேம்களின் வடிவம் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். ஆதலால் இத்தொகைகளும் வேறுபடும். ஆனால் அளவின் தன்மை இதுவே.

இனி வேகத்தை மாற்றிப் பாருங்கள். 6000 சுழற்சியில் அதே வால்வைத் திருப்ப 128 இறாத்தல் போதும். 9000 சுழற்சியிலோ 287 இறாத்தல் வேண்டும். வேகம் இரட்டித்தால் வேண்டிய விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப அது வளர்கிறது. பந்தய எஞ்சினை அமைப்போர் இரவும் பகலும் போராடுவது இந்த வர்க்க விதியோடுதான்.

மறுபக்கத்தில், சுருள்வில்லின் விதியோ மிக எளிது. 1678ஆம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி றொபேட் ஹூக் வெளியிட்ட விதியின்படி, வில்லை எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவுக்கு அது எதிர்க்கும். வேகத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. நமது உதாரணத்தில், வால்வு மூடியிருக்கையில் சுருள்வில்லின் உயரம் 1.700 அங்குலம் என்றும், அப்போது அதன் விசை 120 இறாத்தல் என்றும், ஓர் அங்குலத்துக்கு 350 இறாத்தல் வீதம் அது ஏறுகிறது என்றும் கொள்வோம். வால்வு 0.4 அங்குலம் திறந்ததும் 140 இறாத்தல் கூடி, மொத்தம் 260 இறாத்தலாகிறது. 8000 சுழற்சிக்கு 227 இறாத்தல் போதுமாதலால் இங்கு எஞ்சின் பத்திரமாக ஓடும். ஏறத்தாழ 8560 சுழற்சியில் தேவையும் இருப்பும் சமமாகின்றன. அதற்கு மேல் போனால் வால்வு கேமை விட்டு எழுந்து மிதக்கத் தொடங்கும்.

வால்வு மிதந்தால் என்ன நடக்கும்? கேம் தாங்கி இறக்க வேண்டிய வால்வு, தாங்குவாரின்றித் தன் இருக்கையில் மோதும். மோதியது துள்ளும், துள்ளியது மீண்டும் மோதும். மூட வேண்டிய வேளையில் திறந்திருப்பதால் சிலிண்டரின் அமுக்கம் வெளியேறி, வலு குன்றும். சீராக எழுந்த எஞ்சினின் ஓசை அவ்விடத்தில் திக்கித் தடுமாறும். அனுபவமுள்ள சாரதி அந்த ஓசையைக் கேட்டதுமே காலை எடுத்துவிடுவான். எடுக்காவிட்டால், மேலேறி வரும் பிஸ்டன் இன்னும் இறங்காத வால்வைச் சந்திக்கும். வால்வின் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் அதன் பின் எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. சாரதி கியரை மாற்றும்போது தவறுதலாகத் தாழ்ந்த கியரைப் போட்டுவிட்டால், சில்லுகளே எஞ்சினைச் சுழற்றி, எல்லைக்கு மேல் கொண்டுபோய்விடும். பந்தய எஞ்சின்கள் பல அழிந்தது இந்த ஒரு கணத் தவறினாலேயே.

‘அப்படியானால் மிக வலிய சுருள்வில்லை மாட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது’ என்று நேயர்கள் நினைக்கலாம். புதிதாக இத்துறையில் இறங்கும் இளைஞர் பலரும் அவ்வாறே நினைக்கின்றனர். ஆனால் விசை கூடக்கூட, கேமின் மூக்கும் அதனோடு உராயும் டப்பெட்டும் விரைவில் தேய்கின்றன. தள்ளுகோல் உள்ள எஞ்சின்களில் அக்கோல் வளைந்து கொடுக்கிறது. வளைந்த கோல் நிமிரும்போது வால்வை மேலும் உதைத்து, தடுக்க நினைத்த மிதப்பைத் தானே உண்டாக்கும். சுருள்வில்லை அமுக்குவதற்குச் செலவாகும் சக்தியின் பெரும்பகுதி, வில் விரியும்போது கேமுக்கே திரும்பிவிடுகிறது என்பது உண்மையே. எனினும் உராய்வினால் இழக்கும் சக்தி திரும்புவதில்லை. அது வெப்பமாகி எண்ணெயைச் சுடவைக்கிறது. ஆகவே தேவைக்கு மேற்பட்ட விசை வீண்சுமையே.

விசையைக் கூட்டுவதைவிடப் பாரத்தைக் குறைப்பது சிறந்த வழி. இதனையும் நமது கணக்கே காட்டும். சுருள்வில்லின் அடியில் 0.030 அங்குலத் தடிப்புள்ள ஓர் உருக்கு வளையத்தை இட்டு விசையைப் பத்தரை இறாத்தலால் கூட்டினால், மிதப்பு எல்லை 8560இலிருந்து 8730 சுழற்சிக்கு ஏறுகிறது. ஏறத்தாழ 170 சுழற்சியே இலாபம். ஆனால் விசையைத் தொடாமல், அசையும் பாரத்தில் 15 கிராமைக் குறைத்தால் எல்லை ஏறத்தாழ 9020 சுழற்சிக்கு உயர்கிறது. அதாவது 460 சுழற்சி இலாபம். கேமுக்கும் எண்ணெய்க்கும் எத்தகைய துன்பமும் இல்லை. பந்தய எஞ்சின்களில் வால்வையும் அதன் மேலுள்ள தொப்பியையும் உருக்குக்குப் பதிலாக, அதனிலும் பாரங் குறைந்த ரைற்றேனியத்தால் செய்வது இதனாலேதான்.

எங்கே பாரத்தைக் குறைப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ரொக்கர் டப்பெட்டின் அசைவை ஒன்றரை மடங்காக்கி வால்வுக்குக் கொடுக்கிறது எனக் கொள்வோம். அப்போது டப்பெட்டின் பக்கமுள்ள 100 கிராம், வால்வின் பக்கத்திலே 44 கிராம் போலவே கணக்கிடப்படும். வால்வின் பக்கமுள்ள ஒவ்வொரு கிராமோ முழுமையாகக் கணக்கிடப்படும். எனவே வால்வின் முனையில் குறைக்கும் ஒரு கிராம், டப்பெட்டில் குறைக்கும் இரண்டு கிராமுக்கும் மேலானது.

இனி, சுருள்வில்லுக்கே உரிய வேறொரு நோயைப் பார்ப்போம். நீண்ட கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்து உதறினால், ஓர் அலை கயிறு முழுவதும் ஓடி, மறுமுனையில் மோதித் திரும்பும். சுருள்வில்லும் அவ்வாறே. அதன் ஒரு முனையைக் கேம் திடீரென அமுக்கும்போது நடுச் சுருள்கள் உடனே அசைவதில்லை. அலையொன்று சுருள் சுருளாக ஓடித் திரும்புகிறது. ஒவ்வொரு சுருள்வில்லுக்கும் இவ்வாறு அதிர்வதற்கென ஒரு மீடிறன், அதாவது செக்கனுக்கு இத்தனை முறை என்ற கணக்கு, உண்டு. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்றவாறு தள்ளினால் சிறு கையும் பெரிய ஆட்டத்தை உண்டாக்கும். கேமின் உதைகள் சுருள்வில்லின் மீடிறனோடு பொருந்திவிட்டால், அதுபோலவே நடுச் சுருள்கள் கட்டுக்கடங்காது ஆடும். இதனைப் பரிவு என்பர்.

கேமின் சுழற்சியும் சுருள்வில்லின் மீடிறனும் நேராகச் சமமாவதில்லை. கேம் நிமிஷத்துக்கு 4000 முறை சுழல, சுருள்வில் 24,000 முறை அதிரக்கூடியதாயின், அது ஆறு மடங்கு. ஆயினும் கேமின் வளைவுக்குள் இரண்டு, மூன்று, ஆறு, ஏழு மடங்கான சிறு அலைகளும் மறைந்துள்ளன. அவற்றுள் ஒன்று பொருந்தினாலும் போதும், நோய் தொடங்கிவிடும். அப்போது சுருள்வில் எந்தக் கணத்தில் எவ்வளவு விசையைத் தரும் என்று கூற முடியாது. தராசில் 260 இறாத்தல் காட்டிய வில், ஓடும் எஞ்சினில் சில கணங்களில் அதனிலும் மிகக் குறைவாகவே தரும். கம்பியில் ஏற்படும் இழுபறியும் பெருகி, அது முறிவதற்கு வழிகோலும். மேலும், உயர்ந்த மடங்குகளின் வலிமை பொதுவாகக் குறைவு. ஆதலால் சுருள்வில்லின் மீடிறன் எவ்வளவு உயர்ந்ததாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு நன்மை.

இந்நோய்க்கு மருந்துகள் பல. ஒன்றினுள் ஒன்றாக இரு சுருள்வில்களைப் பொருத்துவது ஒன்று. இரண்டின் மீடிறனும் வெவ்வேறாதலால், ஒன்று தடுமாறும்போது மற்றது தாங்கும். இரண்டையும் எதிரெதிர்த் திசைகளில் சுற்றியிருப்பார்கள். இல்லையேல் ஒன்றின் சுருள் மற்றதன் இடைவெளியில் புகுந்து சிக்கிக்கொள்ளும். இரண்டும் சற்றே உராயும்படி அமைத்து, அவ்வுராய்வினால் அதிர்வை அடக்குவதும் உண்டு. சுருள்களின் இடைவெளியை ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் அமைப்பது இன்னொரு முறை. அமுங்கும்போது நெருங்கிய சுருள்கள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்வதால் மீடிறன் நிலையாக இராது மாறிக்கொண்டே போகும். பரிவுக்குப் பிடி கிடையாது. தேன்கூட்டைப் போல மேற்புறம் ஒடுங்கிய சுருள்வில்லும் இக்காலத்தில் பெருவழக்காயுள்ளது. ஒடுங்கிய முனைக்குச் சிறிய தொப்பி போதுமாதலால் பாரமும் குறைகிறது.

இனி, சுருள்வில்லைப் பொருத்தும் முறைக்கு வருவோம். இங்கே கைத்திறனைவிடப் பொறுமையே வேண்டப்படுவது. முதலில் வால்வை அதன் இருக்கையில் வைத்து, சுருள்வில் இல்லாமலே தொப்பியையும் அதனைப் பூட்டும் பிளவு ஆப்புகளையும் மாட்டி, தொப்பிக்கும் கீழ்த் தளத்துக்கும் இடையிலுள்ள உயரத்தை அளக்க வேண்டும். இதுவே பொருத்திய உயரம். ஒவ்வொரு வால்வுக்கும் இதனைத் தனித்தனியே அளத்தல் அவசியம். ஏனெனில், இருக்கையைச் செப்பனிட்டு வெட்டும்போது ஒரு வால்வு மற்றதனிலும் ஆழமாக இறங்கி, அதன் தண்டு மேலே உயர்ந்துவிடும். நமது உதாரணத்தில் ஒரு வால்வின் உயரம் 0.040 அங்குலம் கூடியிருந்தால், அதன் திறந்த விசை 260இலிருந்து 246 இறாத்தலாகக் குறைந்து, அது 8330 சுழற்சியிலேயே மிதக்கத் தொடங்கும். மற்ற வால்வுகள் எவ்வளவு சிறப்பாக இருந்தும் பயனில்லை. சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியின் வலிமையே அல்லவா?

ஆகவே அளந்தவற்றுள் மிகக் குறைந்த உயரத்தை அடிப்படையாகக் கொண்டு, மற்றவற்றின் அடியில் ஷிம் எனப்படும் மெல்லிய உருக்கு வளையங்களை இட்டு, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். 0.015, 0.030, 0.060 அங்குலத் தடிப்புகளில் இவ்வளையங்கள் கிடைக்கும். அதன் பின் ஒவ்வொரு சுருள்வில்லையும் தராசில் வைத்து, பொருத்திய உயரத்திலும் திறந்த உயரத்திலும் அதன் விசையை அளந்து எழுதிவைத்தல் வேண்டும். ஒரே பெட்டியில் வாங்கிய சுருள்வில்களும் விசையில் வேறுபடுவதுண்டு.

அடுத்து, சுருள்வில் முற்றாக அமுங்கிச் சுருளோடு சுருள் முட்டும் உயரத்தைப் பார்க்க வேண்டும். அது நமது உதாரணத்தில் 1.200 அங்குலம் என்க. வால்வு திறந்தபோது உயரம் 1.300 அங்குலம். எனவே 0.100 அங்குலம் எஞ்சுகிறது. இந்த இடைவெளி இல்லாது சுருள்கள் முட்டிவிட்டால், வில் கட்டையாகிவிடும். கேமோ, தள்ளுகோலோ, ரொக்கரோ முறிவது திண்ணம். அதற்காக இடைவெளியை மிக அதிகமாக விடுவதும் நன்றன்று. சுருள்கள் முட்டும் நிலையை நெருங்கி வரும்போது அவற்றின் தாறுமாறான ஆட்டம் அடங்குகிறது. ஆதலால் பந்தய வினைஞர் பலர் ஏறத்தாழ 0.060 அங்குல இடைவெளியை விரும்புகின்றனர். 0.030 அங்குல வளையம் ஒன்றை இட்டால் நமது இடைவெளி 0.070 ஆகும், அது நன்று. 0.060 அங்குல வளையத்தை இட்டாலோ 0.040 மட்டுமே எஞ்சும். அது ஆபத்தை அழைப்பதாகும். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரு வில்கள் இருப்பின் இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

தொப்பியின் அடிப்புறம் வால்வுத் தண்டின் வழிகாட்டிக் குழாயிலோ, அதன் மேலுள்ள எண்ணெய்த் தடுப்பிலோ முட்டாதவாறு இடைவெளி உண்டா என்பதும் பார்க்கத்தக்கது. பின்னர் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள தூரம். மென்மையான களிமண்ணைப் பிஸ்டனின் தலையில் அப்பி, வலிமையற்ற சோதனை வில்களை மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தால், வால்வின் தடம் களிமண்ணிற் பதிந்திருக்கும். அதனை வெட்டித் தடிப்பை அளக்கலாம். உள்வாயில் வால்வுக்கு 0.080 அங்குலமும், வெப்பத்தால் அதிகம் நீளும் புகைவாயில் வால்வுக்கு 0.100 அங்குலமும் பொதுவாக விடப்படுகின்றன. சாதனத்தால் காற்றை அழுத்திப் புகுத்தும் எஞ்சின்களில் இன்னொரு கவனமும் வேண்டும். சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம், 1.6 அங்குல விட்டமுள்ள உள்வாயில் வால்வைப் பின்னாலிருந்து 30 இறாத்தல் விசையோடு தள்ளும். மூடிய நிலையில் சுருள்வில்லின் விசை அதற்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

சுருள்வில்லின் கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரோமியமும் சிலிக்கனும் கலந்த உயர்தர உருக்கே இதற்குப் பயன்படுகிறது. பல கோடி முறை அமுங்கி விரியும் கம்பி முறியும்போது, பிளவு பெரும்பாலும் அதன் மேற்பரப்பிலேயே ஆரம்பிக்கிறது. எனவே சிறு உருக்குக் குண்டுகளை மேற்பரப்பில் வேகமாக மோதவிட்டு, அதனை இறுகச் செய்கின்றனர். இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய மேற்பரப்பைக் குறட்டால் பிடித்துக் கீறிவிட்டால், அக்கீறலே அடுத்த பந்தயத்தில் முறிவின் தொடக்கமாகும். புதிய சுருள்வில்லைப் பூட்டிய எஞ்சினை முதலில் சில நிமிஷம் மட்டும் மிதமாக ஓட்டி, முற்றாக ஆறவிட்டு, அதன் பின்பே கடுமையாக ஓட்டுவது நல்வழக்கம். ஓடும் எஞ்சினில் சுருள்வில் மிகச் சூடாகும். அதனைக் குளிரச் செய்வது எண்ணெயே. பந்தயங்கள் சில முடிந்ததும் மீண்டும் தராசில் வைத்துப் பார்த்தல் வேண்டும். முதலில் எழுதிவைத்த விசையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், முறியவில்லையே என்று இரக்கங்காட்டாது அதனை மாற்றிவிட வேண்டும்.

இத்தொல்லைகளிலிருந்து தப்புவதற்குப் பொறியியலாளர் பல வழிகளைத் தேடியுள்ளனர். கொண்டை ஊசியைப் போல வளைந்த வில்லைப் பயன்படுத்துவது அவற்றுள் ஒன்று. அசையும் பாரம் அதில் குறைவு. அலைகளின் தொல்லையும் குறைவு. நோட்டன் மோட்டார் சைக்கிள்கள் இதனைக் கையாண்டன. 1958ஆம் ஆண்டில் முதன்முதலாக வழங்கப்பட்ட கார் அமைப்பாளர் உலகப் பட்டத்தை வென்ற பிரித்தானிய வான்வால் காரின் எஞ்சினிலும் இவ்வகை வில்லே இருந்தது. பெராரி நிறுவனமும் முன்னர் இதனையே விரும்பியது; ஆனால் 1957இல் உருவாக்கிய டெஸ்டா ரோசா காரில் சுருள்வில்லுக்கு மாறியது. கொண்டை ஊசி வில் அடைத்துக்கொண்ட இடம் மிச்சமாகவே, எஞ்சினின் தலையை இறுக்கும் ஆணிகளைக் கூட்ட முடிந்தது.

வில்லையே அகற்றிவிட முயன்றோரும் உளர். கேம் தள்ள மட்டுமே அறியும் என்று முன்னர் கூறினோம். திறப்பதற்கு ஒரு கேமும் மூடுவதற்கு இன்னொரு கேமும் வைத்தால் வில் எதற்கு? 1914இல் பிரெஞ்சு டெலாஜ் பந்தயக் கார் இம்முறையைக் கையாண்டது. ஜேர்மனியின் மேர்சிடிஸ் நிறுவனம் 1954 ஜூலை 4ஆம் திகதி பிரான்சின் றேம்ஸ் நகரில் இறக்கிய காரிலும் இம்முறையே இருந்தது. அன்று அக்கார்கள் முதலிரண்டு இடங்களையும் பெற்றன. வென்றவர் ஆர்ஜென்ரீனாவின் ஜுவான் மனுவெல் பாஞ்சியோ. 1956இல் இத்தாலியின் டுக்காட்டி நிறுவனத்துக்காகப் பாபியோ தாலியோனி என்ற பொறியியலாளர் இதனை மோட்டார் சைக்கிளுக்கு அமைத்தார். அந்நிறுவனத்தின் பந்தய மோட்டார் சைக்கிள்கள் இன்றும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

மூன்றாவது வழி காற்று வில். 1986இல் பிரான்சின் ரெனோ நிறுவனம் தன் பந்தய எஞ்சினில் உருக்குச் சுருளை நீக்கி, அழுத்தப்பட்ட வாயுவைக் கொண்டு வால்வை மூடும் முறையைப் புகுத்தியது. வாயுவுக்குப் பாரம் மிகச் சொற்பம். முறியும் கம்பியும் இல்லை. இம்முறையின் பயனாக, 2006இல் கொஸ்வேர்த் நிறுவனத்தின் எஞ்சின் நிமிஷத்துக்கு 20,000 சுழற்சியை எட்டியது. அத்தகைய எஞ்சினில் உருக்குச் சுருளால் அந்த வேகத்தைக் கனவிலும் காண முடியாது.

எனினும் சுருள்வில்லின் காலம் முடிந்துவிடவில்லை. அதே கொஸ்வேர்த் நிறுவனம் 1967 ஜூன் 4ஆம் திகதி, ஒல்லாந்தின் சான்ட்வோர்ட் நகரில், ஜிம் கிளார்க் ஓட்டிய காரில் அறிமுகப்படுத்திய எஞ்சின் சுருள்வில் கொண்டே 9000 சுழற்சியில் ஓடி, முதற் பந்தயத்திலேயே வென்றது. அதன் வழிவந்த எஞ்சின்கள் 1983 வரை 150க்கு மேற்பட்ட பெரும் பந்தயங்களில் வெற்றி பெற்றன. அமெரிக்காவிலே 500 மைல் தூரம் ஓடும் பந்தயக் கார்களின் தள்ளுகோல் எஞ்சின்களும் 9000 சுழற்சியைத் தொடுவன. அவற்றின் வால்வுகளை மூடுவது உருக்குச் சுருள்வில்லே. விலை குறைவு, அமைப்பு எளிது, சரியாக அளந்து பொருத்தினால் நம்பகமானது. இம்மூன்று குணங்களும் ஒருங்கே வேறெதனிலும் இலகுவில் கிடைப்பதில்லை.

நேயர்களே, ஒன்றை மனத்திற் கொள்வோம். பந்தய எஞ்சினின் சுருள்வில்லைத் தெரிந்தெடுப்பது ‘எவ்வளவு வலியது’ என்ற கேள்வியால் அன்று. எவ்வளவு வேகம், எவ்வளவு பாரம், எவ்வளவு உயரம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின், அவ்விடைக்குப் போதுமான விசையும் சிறிது மிச்சமும் உள்ள வில்லைத் தெரிய வேண்டும். மிச்சம் இல்லாவிட்டால் எஞ்சின் முறியும்; மிச்சம் மிகுந்துவிட்டால் எஞ்சின் தேயும். இரண்டுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு இடத்தைக் காட்டித் தருவது தராசும் அளவுகோலும் எழுதிவைத்த குறிப்புப் புத்தகமுமே. எனவே பந்தயத்துக்கு எஞ்சினைச் சித்தஞ் செய்யும் இளைஞர் ஸ்பானரை எடுப்பதற்கு முன் பென்சிலை எடுப்பாராக.